அவளுக்குப் பொருந்தாத விதிகள்

அந்த விதி மட்டும் மாறாமல் இருந்திருந்தால் இன்று நான் மனைவியை இழந்தவன், அவ்வளவுதான். துக்கம் கேட்க வருகிறவர்கள் அப்படி நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எதற்காக அழுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அவள் நர்ஸ். கல்யாணமான மறு வருடமே வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் முதலில் போவது, ஒரு வருடம் கழித்து நான் போய்ச் சேர்ந்துகொள்வது என்று பேசிவைத்திருந்தோம். நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவன். மெழுகில் பல்லை அடுக்கி, அச்செடுத்து, ஈறுக்கு நிறம் சேர்க்கிற வேலை. மனிதனுக்கு வாய் இருக்கிற ஊரில் எல்லாம் இதற்கு வேலை இருக்கும் என்று தைரியமாக இருந்தேன்.

அவள் புறப்படுவதற்கு முன் அவளுடைய தம்பி விழுந்தான். அவன் கிரேன் ஓட்டுபவன். கட்டடங்களுக்கு மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ஊரையே கீழே பார்த்துப் பழகியவன். ஆனால் விழுந்தது கிரேனிலிருந்து அல்ல, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது. இதைச் சொல்லும்போது அவனே முதலில் சிரிப்பான். முதுகெலும்பு போய்விட்டது. கழுத்துக்குக் கீழே கைகள் மட்டும் கொஞ்சம் அசையும். அப்பா அம்மா இல்லாதவர்கள், அக்காவும் தம்பியும்தான். அதனால் எங்கள் வீட்டு முன்னறையில் அவனுக்குக் கட்டில் போட்டோம். அவள் அவனுடைய வைத்தியத்துக்காகவே போயாக வேண்டியிருந்தது, நான் அவனுக்காகவே இருந்தாக வேண்டியிருந்தது.

புறப்படும் முன் அவள் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அவனை இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். அடியில் ஒரு விரிப்பைக் குறுக்கே மடித்துப் போட்டு, அதைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் தலையணை. முதுகில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண் வரப்போகிறது என்று அர்த்தம். அவன் முதுகில் ஒரு புண்கூட வரவிட்டதில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

படுத்த இடத்திலிருந்து டிவியில் வருகிறவர்கள், தெருவில் போகிறவர்கள், என் சமையல் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்வான். நாங்கள் அவனுக்கு ஜட்ஜ் என்று பேர் வைத்துவிட்டோம். நான் லேபிலிருந்து மதியம் ஓடிவந்து அவனைத் திருப்பிப் போட்டு, முகம் துடைத்து, ஊட்டிவிடும்போது ஒருநாள் சொன்னான்:

"மாமா, நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்க கட்டிக்கிட்டது என்னைத்தான். அக்கா சும்மா சாட்சிக் கையெழுத்து போட வந்தது."

சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் அதைச் சொல்லிக் காட்டுவோம்.

அவள் போன வருடமே அந்த நாட்டில் விதியை மாற்றினார்கள். ஒப்பந்தத்தில் வரும் நர்சுகள் கணவனையோ குழந்தைகளையோ கூட்டிவர முடியாது. அது உண்மை. முதல் சில வருடங்கள் அவள் சொன்னது எல்லாமே உண்மை.

அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தை நான் படித்த அளவுக்கு அங்கே இருக்கிறவர்களே படித்திருக்க மாட்டார்கள். லேபில் பிளாஸ்டர் இறுகக் காத்திருக்கும் நேரத்தில் போனில் அதைத்தான் பார்ப்பேன். சம்பள வரம்பு மாறும், மொழித் தேர்வு வரும், விரல் ரேகை வரும், பாஸ்போர்ட்டில் இத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பார்கள். எப்போது கூப்பிட்டாலும் தயாராக இருக்க வேண்டும் என்று என் பாஸ்போர்ட்டை மட்டும் காலாவதியாகவிடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடி போடக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று புகைப்பட விதி வந்தபோது எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஜட்ஜ், "இந்த மூஞ்சிக்கு விசா கொடுக்க மாட்டாங்க மாமா, வாரன்ட்தான் கொடுப்பாங்க" என்றான்.

விடுமுறை நாள்களில் அவள் வீடியோவில் வருவாள். போனை ஜட்ஜின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துவிட்டு மூன்று பேரும் பேசுவோம். நான் புதிதாகப் படித்ததைச் சொல்வேன். அனுபவமுள்ள நர்சுகளுக்கு இனிமேல் சலுகையாம், ஒப்பந்தம் இரண்டு முறை நீட்டித்தவர்களுக்கு வழி இருக்கிறதாம் என்று. அவள் பொறுமையாகக் கேட்பாள்.

"அது எனக்குப் பொருந்தாதுங்க" என்பாள்.

இப்போது யோசித்தால், அவள் வாயால் பொய் சொன்னதாக எனக்கு ஒரு வாக்கியம்கூட நினைவில்லை. அந்த விதிகள் எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லைதான்.

பிறகு நாங்கள் அந்த நாட்டு மந்திரியைத் திட்டுவோம். அதில் ஜட்ஜுக்கு இணை கிடையாது. மந்திரியின் வழுக்கை, கழுத்துப்பட்டை, அவர் பெண்டாட்டி எல்லாம் அதில் வந்துவிடும். அவள் அங்கே கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. தூரத்தில் ஒரு பொது எதிரி இருந்தான். குழந்தை பற்றிய பேச்சைக்கூட அவன் தலையில் போட்டுத்தான் முதலில் தள்ளிவைத்தோம், பிறகு விட்டுவிட்டோம்.

வருடத்துக்கு ஒரு தடவை வருவாள். கடைசிக்கு முந்தைய தடவை அவளை வழியனுப்ப, விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் கவுன்ட்டர்வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஜட்ஜுக்குப் பக்கத்து வீட்டம்மா துணை இருந்தார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைக் கருவியில் வைத்தாள், எடுத்தாள், துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, இன்னொரு பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டாள்.

பழைய பாஸ்போர்ட்டைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அதெல்லாம் வீட்டில் இருக்கிறது, வேண்டுமென்றால் போனில் படம் காட்டலாம் என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை.

"மேடம், இந்த மாசத்துலேர்ந்து ரூல் மாறிருச்சு. அந்த நாட்டுக் குடிமக்கள் அந்த நாட்டு பாஸ்போர்ட்லதான் உள்ள போகணும். வேற நாட்டு பாஸ்போர்ட்ல இருக்கிற பழைய விசா ஸ்டிக்கரெல்லாம் இனிமே செல்லாது. நீங்க குடிமகள்னு அவங்க சிஸ்டமே காட்டுது. எங்களால ஏத்த முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு படித்தவன் நான், எனக்கே சொல்கிறாளே என்று. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இவங்க ஒப்பந்தத்துல இருக்கிற நர்ஸ், இவங்களுக்குக் குடியுரிமை வர வழியே கிடையாது, வேறு யாரோ பேரோடு குழம்பிவிட்டது, மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்றேன். விதியின் பிரிவு எண்ணைக்கூடச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து வேறு வரிசைக்குப் போனார்கள். அந்தப் பெண் என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற பார்வை அது.

என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

"இந்த ரூலை ரெண்டு தடவை தள்ளிவச்சாங்க. இந்தத் தடவையும் தள்ளிவைப்பாங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தவறு நடந்துவிட்டது என்று சொல்லவில்லை. எனக்கு அது மண்டையில் ஏற, தள்ளுவண்டியைத் திருப்பி வாசல்வரை வர வேண்டியிருந்தது.

டாக்சியில் நான் கேட்டது ஒரே வார்த்தை. எப்போ?

"நம்ம வீட்டுக்கு வெள்ளையடிச்ச வருஷம்."

ஏழு வருடம். அந்த வருடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இன்னும் ரொம்ப நாள் இங்கேதான் போலிருக்கிறது, வீட்டையாவது சரிபண்ணிக்குங்க என்று அவள்தான் சொன்னாள். ஜட்ஜைக் கட்டிலோடு நடு அறைக்குத் தள்ளிவிட்டு முன்னறைச் சுவரை நானே தேய்த்து அடித்தேன். நிறத்தை அவள் போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள்.

ஆஸ்பத்திரி நிரந்தர வேலை கொடுத்ததும் குடியுரிமைக்கு மனு போட்டாளாம். குடியுரிமை உள்ளவர்கள் கணவனை அழைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. எனக்கு அந்தச் சட்டம் மனப்பாடம். எங்களுக்கு ஆகாத பகுதி என்று அந்தப் பக்கத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு நாட்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்வதிலும் அங்கே தப்பில்லை, இங்கேதான் கூடாது. அந்த இன்னொன்றை இங்கே கொண்டுவந்தால் பெட்டியில் என் கண்ணில் படும். அதனால் அங்கேயே ஆஸ்பத்திரி லாக்கரில் வைத்துவிட்டு, பழைய ஸ்டிக்கர் ஒட்டிய பாஸ்போர்ட்டோடு வந்து போய்க்கொண்டிருந்தாள். இவ்வளவையும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நோயாளியின் நிலவரத்தை அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள்.

அப்போதும் எனக்கு ஒரு பிடி இருந்தது. வீட்டில் ஜட்ஜ் இருக்கிறான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது, அவனுக்கு எவ்வளவு அதிர்ச்சியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். சிறுபிள்ளைத்தனமாக, அவன் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வரும் என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

பெட்டிச் சக்கரம் வாசலில் உருளும் சத்தம் கேட்டதுமே உள்ளிருந்து குரல் வந்தது.

"அந்த பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வரலையாக்கா? டிவில பார்த்துட்டு நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

நான் பின்னால் வருவது அவனுக்குத் தெரியவில்லை. டாக்சிக்காரரிடம் பேசிக்கொண்டு நிற்பேன் என்று நினைத்திருப்பான். நிலைப்படியில் என்னைப் பார்த்ததும் வாயை மூடினான். பக்கத்து வீட்டம்மா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அந்த இன்னொரு பாஸ்போர்ட் வந்துசேர இரண்டு வாரம் போல ஆயிற்று. அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த இன்னொரு நர்ஸ் அதை எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. வெளிநாடு போன நாளிலிருந்து அவள் இப்படித் திரும்பும் தேதி இல்லாமல் வீட்டில் இருந்ததில்லை. விடுமுறை என்றால் ஒவ்வொரு நாளையும் எண்ணிச் செலவழிப்போம். இது அப்படி இல்லை. ஒன்றும் செய்யாமல் நாள் நீண்டு கிடந்தது. எத்தனையோ வருடம் நான் ஏங்கியது இதற்குத்தான். காலையில் எழுந்து வந்தால் சமையலறையில் அவள் நிற்பாள்.

ஜட்ஜைத் திருப்பும் வேலையை அவள் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவனுக்கு என் கைதான் பழக்கம், அவள் பிடித்தால் வலிக்கிறது என்றான். ஆகவே நான்தான் செய்தேன். விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, அவன் தோளை என் நெஞ்சோடு அணைத்துத் திருப்பும்போது அவன் முகம் என் காதுக்குப் பக்கத்தில் வரும். அப்படி இருக்கும்போதுதான் கேட்டேன். அவனுக்கு முதல் நாளே தெரியுமாம். நான் லேபுக்குப் போயிருந்தபோது அவள் போன் செய்து சொன்னாளாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டாளாம்.

"அப்புறம் எதுக்குடா மந்திரியை அந்தத் திட்டு திட்டினே?"

"நீங்க திட்டும்போது நான் சும்மா இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமே மாமா."

நியாயமான பதில்தான். அவனை மெதுவாகப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, சிறுநீர்க் குழாய் மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்தேன். கைகள் பழக்கத்தில் செய்தன. என்னை வைத்து இரண்டு பேரும் ஏழு வருடம் நாடகம் போட்டிருக்கிறார்கள், நான் ஒவ்வொரு காட்சிக்கும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளிடம் நான் கேட்டது சமையலறையில். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"என்ன சொல்லியிருப்பேன்?"

"நான் இங்கயே இருந்து அவனைப் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருப்பீங்க. அதுக்கப்புறம் உங்க முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தெரியும். இப்படின்னா கவர்ன்மென்ட் விடலை, அவ்வளவுதான். யாரும் யாருக்காகவும் எதையும் விடலை."

"ஒருவேளை வர்றேன்னு சொல்லியிருந்தா?"

அவள் குழாயை மூடினாள். கையிலிருந்த நுரை வடியும்வரை நின்றாள்.

"அப்ப இவனை என்ன பண்றது?" என்றாள்.

அதுதான் விஷயம். முதலில் சொன்னது என்னைத் தாங்குவதற்காகச் சொன்னது. நான் எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் அவளுக்குக் கஷ்டம். ஆகவே கேள்வியையே என் பக்கம் வரவிடவில்லை. தம்பியை அவளால் அங்கே கூட்டிப் போக முடியாது, உடன்பிறந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதையும் நான் படித்திருக்கிறேன். அவள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. ஆனால் புரிந்ததால் வலி குறையவில்லை.

பாஸ்போர்ட் வந்தது. ஊதா அட்டை. மேசைமேல் வைத்திருந்தாள், நான் தொடவில்லை. கிளம்புவதற்கு முந்தின மாலை, துணி மடித்துக்கொண்டே, போனதும் எனக்காக மனு போடப்போவதாகச் சொன்னாள். ஜட்ஜைச் சேர்ப்பதற்கு ஒரு நல்ல இல்லத்தில் பேசிவிட்டாளாம், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். அதையும் அவளே முடிவு செய்துவிட்டாள். வர்றீங்களா என்று அப்போதும் என்னைக் கேட்கவில்லை. முன்னறையில் டிவி சத்தம் குறைந்தது. ஜட்ஜ் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம் விடுமுறைக்கு வந்தாள். அதுதான் கடைசித் தடவை. மனு போட்டாயிற்று, முறைப்படி நடக்கிறது என்றாள். மூவரும் மரியாதையாக நடந்துகொண்டோம். மந்திரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவள் திரும்பிப் போய் இரண்டு மாதம் இருக்கும். ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் காலணி மாற்றக் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்தும் பிரயோஜனம் இல்லை. கூட இருந்த நர்ஸ்தான் போன் செய்தாள். நம் பாஷைக்காரி. அழுதுகொண்டே, எல்லாவற்றையும் மருத்துவ வார்த்தைகளில் சொன்னாள்.

ஜட்ஜ் அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். அக்காவை இங்கே கொண்டுவர முடியுமா, ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்றான்.

முடியும். காகித வேலை கொஞ்சம் அதிகம், ஏனென்றால் இங்கே அவள் இப்போது வெளிநாட்டுக்காரி. ஆனால் முடியும். நான் போகாமலே அவர்கள் அனுப்பிவைப்பார்கள். இல்லாவிட்டால் நான் அங்கே போகலாம். இறந்தவரின் கணவன் என்று விண்ணப்பித்தேன், மூன்றாம் நாள் விசா வந்துவிட்டது. அவள் உயிரோடு இருந்தபோது போட்ட மனு இன்னும் எந்த மேசையிலோ இருந்தது.

நான் போகிறேன் என்றேன். காரியம் அங்கேயே என்றேன். ஜட்ஜிடம் கேட்கவில்லை, சொன்னேன். அவன் மேற்கூரையைப் பார்த்தபடி, சரி மாமா என்றான். அவள் பேசிவைத்திருந்த அதே இல்லத்தில் அவனை விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

அவள் இருந்த தெருவில் மரங்கள் ஒரே உயரத்தில் நின்றன. மாடிப்படியில் கம்பளம். வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒன்று அந்த நர்சுக்கு, ஒன்று இவளுக்கு. கதவைத் திறந்துவிட்டு அந்த நர்ஸ் டீ போடப் போனாள். நான் உள்ளே நின்றேன்.

நல்ல பெரிய அறை. என் கண் அளவெடுத்துப் பழகியது. இரட்டைக் கட்டில் தாராளமாகப் போடலாம். ஜன்னல் ஓரமாக எனக்கு ஒரு வேலை மேசைகூடப் போடலாம். அவள் ஒற்றைக் கட்டில் போட்டிருந்தாள். ஒரு நாற்காலி. கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கொக்கி. மிச்ச இடம் வெறும் தரையாகத் துடைத்துச் சுத்தமாகக் கிடந்தது. ஏழு வருடத்துக்கு மேல் அந்த அறையில் இருந்திருக்கிறாள். அந்த வெற்றிடத்தைப் பார்த்து, இங்கே அவரை உட்காரவைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் நினைத்திருந்தாலும் இன்னொரு நாற்காலி வாங்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அழுகை அப்போதுதான் வந்தது. அவளுக்காக வந்ததா, எனக்காக வந்ததா, சொல்லத் தெரியவில்லை.

தகனக் கூடத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். வார்டு பொறுப்பாளர், டாக்டர்கள், சுத்தம் செய்கிறவர்கள், அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு வயதான தம்பதி. முகம் அமைதியாக இருந்தது. முன்பல் ஒன்று லேசாகக் குறுக்கே திரும்பியிருக்கும், நான் சரிபண்ணித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உதடு மூடியிருந்ததால் அது தெரியவில்லை.

ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெறுமனே பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, கண்ணைப் பார்த்து, நீளமாக ஏதோ சொன்னார்கள். பாஷை பாதிதான் புரிந்தது. இறந்தவளின் கணவனுக்குச் சொல்கிற ஆறுதல் மாதிரி அது இல்லை. வார்டு பொறுப்பாளர் அம்மா என்னை அணைத்துக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். என்ன சொல்கிறார் என்று அந்த நர்சிடம் கேட்டேன்.

"உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்லையாம். உங்க பொண்டாட்டி குடியுரிமை கிடைச்ச அன்னிக்கே எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. அவர் வர மாட்டார், என் தம்பியை விட்டுட்டு வர அவருக்கு மனசு வராதுன்னு. எவ்வளவோ கூப்பிட்டேன், அசையலைன்னு சொல்லுவாங்க. சொல்லும்போது அவங்களுக்கு அவ்வளவு பெருமை. வார்டுல உங்க போட்டோகூட இருக்குண்ணா."

அந்தப் பெண் அதை எனக்குச் செய்கிற பெரிய மரியாதையாக நினைத்துச் சொன்னாள். சுற்றிலும் நின்ற முகங்களைப் பார்த்தேன். இத்தனை பேருக்கும் நான் ஒரு பெரிய மனிதன். அவர்களுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நான் பிளாஸ்டர் இறுகக் காத்துக்கொண்டு விசா விதி படித்துக்கொண்டிருந்த அதே நாள்களில், இங்கே நான் வர மறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னை அவ கூப்பிடவே இல்லம்மா" என்றேன்.

அவள் நான் துக்கத்தில் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து, என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

திரும்பி வந்த மறுநாள் காலை ஒரு வேன் பேசிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். ஜட்ஜின் பையை ஏற்கெனவே கட்டிவைத்திருந்தார்கள். தாடி எடுத்திருந்தார்கள், காதோரம் சரியாக எடுக்கவில்லை. முதுகைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே ஒரு இடம் சிவந்திருந்தது. விரலை வைத்து அழுத்தினேன், வெளுத்தது. பரவாயில்லை.

அக்கா வீடு எப்படி இருந்தது என்று கேட்டான். நன்றாக இருந்தது, இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம் என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அங்கே என்னைப் பற்றி அவள் சொல்லிவைத்திருந்ததையும் சொன்னேன். நிதானமாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். இது அவனுக்கும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்த ஒன்றிலாவது நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம்.

பிறகு சொன்னான்:

"ஆனா அது பொய்யில்லையே மாமா. நீங்க என்னை விட்டுட்டுப் போயிருக்க மாட்டீங்கதானே?"

"தெரியாதுடா" என்றேன். "யாராவது கேட்டிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும். போயிருப்பேனோ என்னவோ. உன்னை நினைச்சு ரெண்டு நாள் அழுதுட்டு மூணாம் நாள் ஏறியிருப்பேனோ என்னவோ. நல்லவனா கெட்டவனான்னு நானே பார்த்துக்க நீங்க ரெண்டு பேரும் விடலையே."

வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது போன பிறகு, இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில் அவன் கேட்டான்.

"இப்ப நான் கேக்கிறேன் மாமா. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

சரி என்று வாய்வரை வந்துவிட்டது. பழக்கம். குனிந்து விரிப்பின் ஓரத்தைப் பிடிக்கக்கூடக் கை போயிற்று. பிடிக்காமல் நிமிர்ந்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சரி மாமா. யோசிங்க."

அவன் பைக்கு மேல் கிடந்த போர்வையை எடுத்து உதறி அவன் காலில் போர்த்திவிட்டு வெளியே வந்தேன். வேன்காரர் பின்கதவைத் திறந்து, சரிவுப் பலகையை இறக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆள் எங்கே என்று கேட்டார்.

இன்னும் முடிவாகவில்லை, நீங்கள் கிளம்புங்கள் என்றேன்.